இலவச கார் பந்தய சிமுலேட்டர், அதுவும் பீட்டாவில்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மேசையில் ஸ்டீயரிங் மாட்டியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அலுவலக நண்பர்களும் அக்கா பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். இலவசமாக ஒரு கார் பந்தய சிமுலேட்டர் பீட்டாவில் வந்திருக்கிறதாம், இறக்கலாமா, காசு கேட்குமா, என் கம்ப்யூட்டர் தாங்குமா? ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிய பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். எடுத்துக்காட்டு தேவைப்படும்போது பெரும்பாலும் ரேஸ்ரூம் ரேஸிங் எக்ஸ்பீரியன்ஸைச் சொல்வேன். இந்த வகையில் நீண்ட காலம் நின்று காட்டிய விளையாட்டு அது.

பீட்டான்னா என்ன? பாதி செஞ்ச கேமா?

ஓட்டிப் பார்க்கும் அளவுக்குத் தயாரான, ஆனால் இன்னும் முடிவாகாத விளையாட்டு. கார் ஓடும், பாதை இருக்கும், நேரம் பதிவாகும். சில பட்டன்கள் வேலை செய்யாது, சில நாள் சர்வர் படுத்துவிடும். உருவாக்குபவர்களின் அலுவலகத்தில் இருக்கும் சில கம்ப்யூட்டர்களில் தலைகாட்டாத பிழைகள், ஆயிரம் வீடுகளில் இருக்கும் ஆயிரம் விதமான கம்ப்யூட்டர்களில் வெளிவரும். அதற்காகத்தான் பீட்டா.

இதில் இரண்டு வகை உண்டு. மூடிய பீட்டாவுக்கு அழைப்போ சாவியோ வேண்டும். திறந்த பீட்டாவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ரேஸ்ரூம் 2013 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் திறந்த பீட்டாவாக வந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் உருவான ரென்ஸ்போர்ட் என்ற இன்னொரு சிமுலேட்டர் முதலில் மூடிய பீட்டாவாக ஓடி, பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது.

ஃப்ரீன்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி அவங்களுக்குக் காசு வருது?

விளையாட்டு இலவசம், அதோடு வரும் ஒரு சில கார்களும் பாதைகளும் இலவசம். மீதியை ஒவ்வொன்றாகவோ தொகுப்பாகவோ காசு கொடுத்து வாங்க வேண்டும். ரேஸ்ரூமுக்குள் இதற்கென்றே வீஆர்பி என்ற தனி நாணயம் இருக்கிறது. இலவசமாக வருபவர்களில் ஒரு பகுதியினர் வாங்கினாலே போதும் என்பது அவர்கள் கணக்கு.

இதைக் கொள்ளை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிஜ காரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தக் கார் நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். பாதைக்கு அதன் உரிமையாளரிடம் வாங்க வேண்டும். அதன்பிறகு அந்த காரின் எடை, சஸ்பென்ஷன், டயர், எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் உட்கார்ந்து உருவாக்க வேண்டும். ரேஸ்ரூமைத் தொடங்கிய சிம்பின், ஜிடிஆர் (2005), ஜிடிஆர் 2 (2006), ரேஸ் 07 (2007) ஆகிய பந்தய விளையாட்டுகளைத் தந்த ஸ்வீடன் நிறுவனம். அப்படிப்பட்டவர்களே 2014இல் மூட வேண்டியதாயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் செக்டர்3 என்ற பெயரில் சேர்ந்து ரேஸ்ரூமைத் தொடர்ந்தார்கள். லாபம் கொழிக்கும் தொழில் இல்லை இது.

இதுவும் ஆஸ்ஃபால்ட் மாதிரிதானே?

இல்லை. ஆஸ்ஃபால்ட் போன்ற மொபைல் விளையாட்டுகளில் வளைவில் முழு வேகத்தில் நுழைந்து சறுக்கினால் பரிசு கிடைக்கும். சிமுலேட்டரில் அப்படி நுழைந்தால் நேரே மண்ணுக்குள் போவீர்கள். நான்கு டயர்களின் மேலும் எந்த நொடியில் எவ்வளவு எடை விழுகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு பிடிப்பு மிச்சம் என்று விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் விளையாட்டு இது. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு வளைவைச் சரியாக எடுத்த பிறகு விட மனம் வராது.

என் கம்ப்யூட்டர் தாங்குமா?

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. ரென்ஸ்போர்ட் அன்ரியல் எஞ்சின் 5 என்ற கனமான மென்பொருள் அடித்தளத்தில் செய்தது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அதைத் தொட வேண்டாம். ரேஸ்ரூமின் அடித்தளம் பழையது, அதனால் சில வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத லேப்டாப்தான் கையில் என்றால், லைவ் ஃபார் ஸ்பீட் என்ற சிமுலேட்டரின் டெமோவை முயலுங்கள். அது பீட்டா இல்லை, ஆனால் இலவசம். மூன்று கார்களும் பிளாக்வுட் பாதையும் அதில் உண்டு. கார் ஓட்டும் உணர்வில் இன்றும் குறை சொல்ல முடியாது.

பீட்டாவில் வேகத்துக்கான மெருகேற்றம் கடைசியாகத்தான் நடக்கும். அதனால் திரையில் நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) வராவிட்டால் உடனே கார்டு மாற்றக் கிளம்ப வேண்டாம். நிழல், கண்ணாடியில் தெரியும் பிம்பம், திரையில் தெரியும் கார்களின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் முதலில் குறையுங்கள். அழகு கொஞ்சம் போகும், பரவாயில்லை. பிரேக் பிடிக்கும் நேரத்தில் படம் திக்கினால்தான் ஓட்டவே முடியாது.

ஸ்டீயரிங் வாங்கியே ஆகணுமா?

ஒரு பீட்டாவை நம்பி ஸ்டீயரிங் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் கேம்பேடில் தொடங்குங்கள். இடது குச்சியில் திருப்புதல், வலது விசையில் ஆக்சிலரேட்டர், இடது விசையில் பிரேக். பாதி அழுத்தினால் பாதி பிரேக் என்பதுதான் இதன் பெரிய நன்மை. விசைப்பலகையில் அது முடியாது, ஒன்று முழு பிரேக், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்தும் ஆசை போகவில்லை என்றால் அப்போது பாருங்கள். லாஜிடெக் ஜி29 போன்றவை 900 டிகிரி சுற்றும், உள்ளே பல்சக்கரம் வைத்து, காரின் இழுவையைக் கையில் உணர்த்தும் விசை தருபவை. தொடக்கத்துக்கு அது தாராளம். மோட்டாரோடு சக்கரத்தை நேரடியாக இணைக்கும் டைரக்ட் டிரைவ் வகை அதைவிட நுணுக்கமாக இருக்கும், விலையும் அப்படியே. பழையது வாங்கினால் பிரேக் பெடலைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். கால் வைக்காதபோதே பிரேக் அளவு துள்ளினால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

ஸ்டீயரிங் மாட்டியும் கையில ஒண்ணுமே தெரியல. சில நேரம் அதுவே ஒரு பக்கமா இழுக்குது!

பீட்டாவில் நான் மிக அதிகமாகக் கேட்ட புகார் இதுதான். பாதி நேரம் காரணம் எளிது: உங்கள் ஸ்டீயரிங் மாடலுக்கான அமைப்பு இன்னும் விளையாட்டில் சேர்க்கப்படவில்லை. முதலில் ஸ்டீயரிங்கின் சொந்த மென்பொருளைப் புதுப்பித்து, சுழற்சிக் கோணத்தை அங்கும் விளையாட்டிலும் ஒரே எண்ணாக வையுங்கள். பிறகு விளையாட்டுக்குள் போய் ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டுங்கள்.

நேர்ச்சாலையில் கையை விட்டால் சக்கரம் நடுவுக்கு வர வேண்டும். நடுவை விட்டு ஓரமாகப் பாய்கிறது என்றால் விசையின் திசை தலைகீழாக இருக்கிறது, அமைப்பில் அதைத் திருப்பிப் போடுங்கள். இதைச் சரிசெய்யும்வரை விசையைக் குறைவாகவே வையுங்கள், வலுவான சக்கரம் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும்.

விசை இருக்கிறது, ஆனால் எல்லா வளைவும் ஒரே மாதிரி கனமாக இருக்கிறது என்றால் அளவை அதிகமாக ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது. டயர் பிடிப்பை இழக்கும்போது கையில் ஏற்படும் அந்தச் சிறு தளர்ச்சியைக் காட்ட அதற்கு இடமே இல்லை. குறைத்தால்தான் அதிகம் தெரியும்.

எல்லா வளைவுலயும் கார் சுத்திடுது. கேம் சரியில்லையோ?

விளையாட்டின் பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு, பீட்டாதானே. ஆனாலும் முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, டயர் சூடாகிவிட்டதா? பந்தய டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது. முதல் சுற்றையும் இரண்டாவது சுற்றையும் மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

இரண்டாவது, வளைவுக்குள் போன பிறகு பிரேக் அடிக்கிறீர்களா? பிரேக் பிடித்தால் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் டயர்கள் லேசாகின்றன. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கையும் வெட்டித் திருப்பினால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். நேர்ச்சாலையில் இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடியுங்கள். பிறகு திருப்பத் திருப்ப அதை மெல்ல விடுங்கள், சட்டென்று விடாதீர்கள். மூன்றாவது, வளைவின் பாதியிலேயே ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கிறீர்களா? ஸ்டீயரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் மிதிக்கலாம். நான் எல்லோருக்கும் சொல்வது இந்த ஒரு வரிதான்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரே வளைவில், ஒரே இடத்தில், எந்த காரில் போனாலும் சுற்றுகிறது என்றால் அது பாதையின் பிழையாக இருக்கலாம். அதை எப்படிச் சொல்வது என்பது கீழே, பிழை பற்றிய கேள்வியில்.

ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் ஆன் பண்ணி ஓட்டினா அது ஏமாத்துறதா?

இல்லை. ஏபிஎஸ் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், மற்றது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்க்கும். ஜிடி3 என்ற பிரிவின் நிஜ பந்தயக் கார்களிலேயே இரண்டும் இருக்கின்றன, அந்த வகை காரில் அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் பொய். அவை இல்லாத கார்களும் உண்டு, அங்கே தொடக்கத்தில் உதவியோடு ஓட்டிப் பழகி ஒவ்வொன்றாக அணைத்துக்கொள்ளலாம். தரையில் வரையப்படும் வழிகாட்டிக் கோட்டை மட்டும் சீக்கிரம் அணைத்துவிடுங்கள். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதை மனதில் பதியாது.

200ல போறேன், ஆனா 60ல போற மாதிரிதான் இருக்கு. எதாவது செட்டிங் இருக்கா?

பார்வைக் கோணத்தைப் பாருங்கள். நிஜத்தில் உங்கள் திரை ஒரு ஜன்னல் மாதிரி. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். அதிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்த ஜன்னல் உங்கள் கண்ணுக்குக் காட்டும் கோணம் சுமார் 41 டிகிரிதான். செங்குத்தாக அளந்தால் 24. விளையாட்டு எந்தத் திசையில் அளக்கிறது என்று பார்த்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இப்படி வைத்தால் வேகம் இன்னும் குறைந்தது போலத் தோன்றும், ஏனென்றால் ஓரங்களில் பறக்கும் மரங்கள் தெரியாது. ஆனால் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது நிஜ அளவில் தெரியும், பிரேக் புள்ளி பிசகாது. வேக உணர்வுக்காக நான் 10 டிகிரி கூட்டிக்கொள்வது உண்டு, அதற்கு மேல் வேண்டாம். திரையைப் பக்கத்தில் இழுத்து வைப்பதுதான் சரியான தீர்வு, அதற்குச் செலவும் இல்லை.

எந்த காரை முதல்ல வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். இலவசமாக வந்ததில் ஒரே கார், ஒரே பாதை, 20 சுற்று. அடுத்த நாள் மறுபடி 20. உங்கள் சுற்று நேரங்கள் ஒன்றுக்கொன்று அரை நொடிக்குள் வரும்வரை அந்த காரிலேயே இருங்கள். அந்த நிலைக்கு வந்த பிறகுதான் இன்னொரு கார் எப்படி வேறுபடுகிறது என்பதே உங்களுக்குத் தெரியும். தினம் ஒரு கார் மாற்றுபவர்கள் எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு வாரத்தில் போய்விடுகிறார்கள். அது என் மனதை வருத்தும் விஷயம்.

அதன்பிறகு வாங்கலாம். தனித்தனியாக வாங்குவதைவிடத் தொகுப்பு மலிவு. நண்பர்கள் எந்த வகை காரில் பந்தயம் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நீங்கள் மட்டும் வைத்திருக்கும் காரில் யாரோடும் போட்டி போட முடியாது.

பீட்டா முடிஞ்சதும் நான் சேர்த்ததெல்லாம் போயிடுமா?

சுற்று நேரம், தரவரிசை, விளையாட்டுக்குள் சம்பாதித்த நாணயம் எல்லாம் போகலாம் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் கணக்கில் நிற்கும், ஆனால் அதையும் விதிமுறையில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பீட்டாவில் மூன்று மாதம் தினமும் ஓட்டி ஒரு காரை மெருகேற்றினேன். ஒரு புதன்கிழமை காலையில் கணக்கு வெறுமையாக இருந்தது. முதல் நாளே திரையில் காட்டப்பட்ட நிபந்தனையில் அது எழுதியிருந்தது, நான்தான் படிக்காமல் சம்மதம் கொடுத்திருந்தேன்.

நாளைக்கே அந்த கம்பெனி கேமையே மூடிட்டா?

மூடலாம். சிமுலேட்டர் இல்லை என்றாலும் நீட் ஃபார் ஸ்பீட் வேர்ல்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் வந்தது, இலவசம்தான், உள்ளே கார்கள் விற்றார்கள். 2015 ஜூலையில் சர்வரை நிறுத்தினார்கள். வாங்கிய கார்களும் அதோடு போயின. சர்வர் இல்லாமல் திறக்காத எந்த விளையாட்டிலும் இந்த ஆபத்து உண்டு.

இன்னொன்றும் நடக்கும்: இலவசம் என்று தொடங்கியது இலவசமாகவே முடியாமல் போகலாம். ரென்ஸ்போர்ட் 2025இல் முழு வடிவில் வெளியானபோது விலை கொடுத்து வாங்கும் விளையாட்டாகிவிட்டது. அதனால் பீட்டாவில் செலவழிப்பதற்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். நாளை மூடினாலும் ஒரு சினிமாவுக்குப் போய்வந்த செலவு என்று விட முடிகிற தொகை எதுவோ அதுவே வரம்பு.

வாங்கினது பிடிக்கலைன்னா காசு திரும்ப வருமா?

ஸ்டீமில் தனி உள்ளடக்கமாக வாங்கியதை 14 நாளுக்குள், வாங்கிய பின் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். விளையாட்டுக்கு உள்ளே இருக்கும் கடையில் வாங்கியது வேறு. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் சொந்தமாகச் செய்த விளையாட்டுகள் தவிர மற்றவற்றில், உருவாக்கிய நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே 48 மணி நேரத்துக்குள் காசைத் திரும்பக் கேட்கும் வசதி கிடைக்கும். எனவே இரண்டு இடத்திலும் ஒரே கார் விற்றால் ஸ்டீம் பக்கத்தில் வாங்குவது பாதுகாப்பு.

ஆன்லைன்ல நான் இடிக்கவே இல்ல, ஆனா இடிச்சேன்னு எனக்கு அபராதம் போடுது. ஏன்?

தூரம்தான் காரணம். 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் போகிறது. சர்வர் ஐரோப்பாவில் இருந்து, உங்கள் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லிநொடி என்றால், அந்த நேரத்தில் கார் 8 மீட்டர் நகர்ந்துவிடும். ஏறக்குறைய இரண்டு கார் நீளம். உங்கள் திரையில் தெரியும் எதிராளி, அவர் நிஜமாக இருக்கும் இடத்தில் இல்லை. இங்கேதான் இருப்பார் என்று விளையாட்டு ஊகித்து வரைந்த இடத்தில் இருக்கிறார். அவர் திடீரென்று பிரேக் அடித்தால் ஊகம் தவறும்.

சென்னையிலிருந்து மும்பை அல்லது சிங்கப்பூர் சர்வர் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒட்டி ஓட்டாமல் ஒரு கார் இடம் கூடுதலாக விடுங்கள். வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள். பிங் குறையாவிட்டாலும் அது மேலும் கீழும் துள்ளுவது நிற்கும், ஊகம் தவறுவதற்குத் துள்ளல்தான் பெரிய காரணம்.

மூடின பீட்டாவுக்கு சாவி 500 ரூபாய்க்குத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

வேண்டாம். பீட்டா சாவியை நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பதில்லை, கொடுக்கின்றன. விற்கப்படும் சாவி போலியாகவோ, ரத்து செய்யப்பட்டதாகவோ இருக்கும். உங்கள் ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

ஓட்டுறதை ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடலாமா?

திறந்த பீட்டா என்றால் பெரும்பாலும் தடையில்லை. மூடிய பீட்டாவில் வெளியே காட்டமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்திருப்பீர்கள். அப்படியென்றால் ஒரு படம்கூடப் போடாதீர்கள்.

பிழை ஒண்ணு கண்டுபிடிச்சேன். யாருக்கு, எப்படிச் சொல்றது?

பீட்டா ஓட்டுபவரின் உண்மையான வேலை இதுதான். இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். "கேம் கிராஷ் ஆகுது, சரி பண்ணுங்க" என்று அனுப்பினால் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. விளையாட்டின் பதிப்பு எண், கார், பாதை, நடந்தது ஒற்றை ஓட்டத்திலா ஆன்லைனிலா, நடப்பதற்கு முன் நீங்கள் செய்தது என்ன, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா, இவ்வளவும் வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி: "பயிற்சி ஓட்டம், பிட்டிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் பிரேக் அளவு முழுதும் அழுத்தியபடி நிற்கிறது. 5 முறை முயன்றேன், 5 முறையும் வந்தது." இதைப் படிப்பவர் தன் மேசையிலேயே அதைச் செய்து பார்க்கலாம். பாதி வேலை முடிந்த மாதிரி.

விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவை இயக்கி வைத்திருந்தால், விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் இப்போது நடந்த சில நொடிகள் வீடியோவாகச் சேமிக்கப்படும். அதோடு, கம்ப்யூட்டரின் விவரங்களை விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் கருவியில் சேமித்து இணையுங்கள். ஆங்கிலம் சரியாக வராது என்று தயங்க வேண்டாம். வீடியோவும் எண்களும் இருந்தால் வாக்கியம் உடைந்திருந்தாலும் புரியும்.

நான் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் சரியாகலையே?

ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடி, அதன் கீழே உங்கள் விவரத்தையும் சேருங்கள். புதிதாக இன்னொன்று தொடங்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் வரும் பிழையை விட முப்பது பேருக்கு வரும் பிழைதான் முதலில் சரிசெய்யப்படும். அது நியாயமும்கூட.

கோயம்புத்தூர் கரி ட்ராக் எல்லாம் இதுல வருமா?

ரேஸ்ரூமில் இந்தியப் பாதை எதுவும் இல்லை. டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள புத் பாதை மட்டும் எஃப்1 2011, 2012, 2013 விளையாட்டுகளில் இருந்தது, அங்கே எஃப்1 நடந்த ஆண்டுகள் அவை. பந்தய ஓட்டுநர் கரிவர்தன் பெயரில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். நம் ஊர் ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் கற்றுக்கொண்ட மண் அது. அதை நிஜ மேடுபள்ளங்களோடு ஒரு சிமுலேட்டரில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பீட்டாக்காரர்கள் விருப்பப் பட்டியல் கேட்கும்போதெல்லாம் எழுதிப் போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.

என் பையன் இதுலயே பழகி ரேஸர் ஆக முடியுமா?

ஆனவர் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ கிராண்ட் டூரிஸ்மோ விளையாட்டின் வழியாக நடந்த ஜிடி அகாடமியில் 2011இல் வென்றார். 2013 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கார் நிறுவனத்தின் பயிற்சியும் பணமும் இருந்தன. பாதையை மனப்பாடம் செய்வதும் பிரேக் நேரமும் சிமுலேட்டரில் வரும். கழுத்தில் விழும் விசையும், உள்ளே கொதிக்கும் வெப்பமும், பயமும் வராது. ஆர்வம் நிலைத்தால் அவனை ஒருமுறை கோ-கார்ட் பாதைக்குக் கூட்டிப் போங்கள்.

நேத்து அப்டேட் வந்துச்சு. இன்னைக்கு என் பழைய டைமுக்குப் பக்கத்துலயே போக முடியல. நான் மோசமாயிட்டேனா?

இல்லை, பெரும்பாலும் டயர் கணக்கை மாற்றியிருப்பார்கள். மாற்றக் குறிப்பைப் படியுங்கள். காரின் அமைப்பைச் சேமித்து வைத்திருக்கும் உங்கள் பழைய செட்டப் கோப்பை நம்பாதீர்கள், அது பழைய டயருக்குச் செய்தது. தொடக்க அமைப்புக்குத் திரும்பி, மேலே சொன்னபடி அதே கார், அதே பாதை, 20 சுற்று ஓட்டிப் புதிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நோட்டில் பதிப்பு எண்ணையும் சுற்று நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். மாற்றத்தால் கார் இயல்புக்கு மாறாக நடக்கிறது என்று தோன்றினால், அந்த இரண்டு எண்களையும் பிழை அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள்.